இரண்டு நிமிடம் போட்ட ஜேர்சி

1

நகரசபையிலிருந்து கடிதம் வந்தால் நான் உடனே பிரிப்பதில்லை. இந்த நாட்டில் நகரசபை எழுதுகிறது என்றால் வரி, குப்பை, நிலநடுக்க ஒத்திகை, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் என் மகள் அபி அதைப் பிரித்து வாசித்துவிட்டு, குளியலறைக் கதவைப் போட்டுத் தட்டினாள்.

“அப்பா, உங்களை மேடையில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவாமிட்சுவுக்குப் பக்கத்தில்!”

இதை அவள் ஜப்பானிய மொழியில்தான் சொன்னாள். பதினைந்து வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அதனால் அவளோடு சண்டை பிடிப்பதில் எனக்கும் மனைவிக்கும் ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருக்கிறது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இவாமிட்சு யாரென்று தெரிய நியாயமில்லை. ஓய்வு பெற்ற உதைபந்தாட்டக்காரர். உலகக் கிண்ணத்தில் கண்டிருக்க மாட்டீர்கள். தேசிய அணிக்கு ஒரே ஒரு முறை இறங்கினார், அதுவும் கடைசி ஆறு நிமிடம், பந்து அவர் பக்கம் வரவேயில்லை. வலது பக்கத்துத் தடுப்பாட்டக்காரர். பதினெட்டு வருடம் ஒரே கழகம், ஒரே இலக்கம், பதினேழு. அதுவும் பெரிய கழகமில்லை. ஜப்பானின் மேற்குக் கரையில் நான் இருக்கிற இந்தச் சின்னத் துறைமுகப் பட்டினத்தின் கழகம். ஒரு வருடம் மேல் பிரிவுக்கு ஏறும், அடுத்த வருடம் கீழே விழும்.

ஆனால் இந்த ஊரில் அவரை விட்டால் ஆளில்லை. பஸ்ஸில் அடுத்த தரிப்பிடத்தைச் சொல்வது அவருடைய குரல். பாண் கடையில் பதினேழு என்று மேலே சுட்ட பணிஸ் விற்கிறது, பத்து மணிக்கு முன்னம் போகாவிட்டால் கிடையாது. மீன் சந்தையில் வயதான பெண்கள் அவரைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். கோல் போட்டு வந்த புகழில்லை இது. அவர் எதிரணிக்குப் போட்ட கோல்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். சனத்துக்கு ஞாபகமிருப்பது அவர் தன்னுடைய அணிக்கே போட்ட கோல்.

அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது. பருவத்தின் கடைசி ஆட்டம். சமநிலையில் முடிந்தாலே கழகம் தப்பியிருக்கும். கடைசி நிமிடத்தில் பந்தைத் தன் கோல் காப்பாளரிடம் தட்டப் போய், வலைக்குள் தட்டிவிட்டார். கழகம் கீழே போனது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் தனியாக வந்து ரயில் நிலைய வாசலில் நின்று, வேலைக்குப் போன ஒவ்வொருவருக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டாராம். பனி கொட்டியதாம். ஒருவரும் ஏசவில்லையாம். யாரோ ஒரு கிழவர் தன் குடையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம்.

அதற்குப் பிறகும் அவர் விளையாட்டை விடத்தான் இருந்தார். ஏன் விடவில்லை என்பதை ஒவ்வொரு பேட்டியிலும் சொல்லுவார். “யுத்தம் நடக்கிற ஒரு நாட்டில், திருகோணமலை என்ற துறைமுகத்தில், ஒரு அணி எங்கள் ஜேர்சியைப் போட்டு ஒவ்வொரு ஞாயிறும் விளையாடிக்கொண்டிருந்தது. அவர்கள் விளையாடும்போது நான் எப்படி நிறுத்துவது?”

அந்த அணியில் நானும் ஒருவன். அவர் ஓய்வு பெற்றுப் பத்து வருடம் நிறைகிற விழாவில் அந்தக் கதையை ஐந்து நிமிடம் சொல்லும்படிதான் கடிதம்.

அபி துள்ளினாள். நான் கடிதத்தை மடித்துத் திரும்பவும் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தேன். ஏனென்றால் அந்த ஜேர்சியைப் போட்டுக்கொண்டு நாங்கள் ஒரு நாளும் பந்தடிக்கவில்லை.

2

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு அன்புவழிபுரத்தில் வீடு, துறைமுகக் கரையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. லொறிகளின் பாரத்தை நிறுத்துத் துண்டு எழுதிக் கொடுப்பேன். வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம், இடையில் நாலு ஆமிச் சென்றி. நாலிலும் இறங்கி, சைக்கிளை உருட்டி, அடையாள அட்டையை நீட்டி, சேட்டைத் தூக்கிக் காட்டி, திரும்ப ஏற வேண்டும். வேலைக்குப் போவதே ஒரு வேலை.

பின்னேரம் நாலரைக்குக் கடற்கரை மைதானத்தில் பந்தடி. திருகோணமலைச் சனத்துக்குப் பந்தடிப் பைத்தியம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குண்டு வெடித்த மறுநாளும் மைதானத்தில் ஆள் நிற்கும். இருட்டுவதற்கு முன்னம் வீடு போய்ச் சேர வேண்டும், அதனால் எங்கள் ஆட்டத்துக்கு இடைவேளை கிடையாது. கப்டன் குகன் உப்புவெளிக்காரன், கடல் தொழில். கடலுக்குப் போகப் பாஸ் கிடைக்காத நாளில் இரண்டு மடங்கு கோபத்தோடு விளையாடுவான். எங்கள் அணிக்குப் பேர் இருந்தது, சட்டை இருக்கவில்லை. ஒரு அணி சட்டையோடு விளையாடினால் மற்றது கழற்றிவிட்டு விளையாடும். எங்களுக்கு எப்போதும் கழற்றுகிற பக்கம்தான் வாய்க்கும்.

தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் பூட்ட ஜப்பானிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்திருந்தார். பெயர் கவாஷிரி. ஐம்பது வயதிருக்கும். பின்னேரமானால் மைதானத்து ஓரத்தில் வந்து குந்தியிருப்பார். எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலமும் நொண்டி. ஒரு நொண்டிக்கு மற்ற நொண்டி தோள் கொடுத்த மாதிரித்தான் கதை போகும். ஆனால் பந்தைப் பற்றிக் கதைக்க எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்?

அவரிடம் ஒரே ஒரு வீடியோக் கசெற் இருந்தது. அவருடைய ஊர்க் கழகம் வெளியூர் போய் வெள்ளைச் சட்டையில் விளையாடிய ஒரு ஆட்டம். விடுதியில் ஜெனரேற்றர் ஓடும். ஞாயிறு பகலில் எங்களைக் கூப்பிட்டு அதைப் போடுவார். பத்துத் தரம் பார்த்திருப்போம். அதில்தான் இவாமிட்சுவைக் கண்டோம். பொடியன். மெலிவென்றால் அப்படி மெலிவு. ஆனால் பந்தைக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் கோல் வாசல் மட்டும் போகும். குகன் அந்த எறியைப் பழகவென்று வீட்டில் தேங்காயை எறிந்து கிணற்றுக் கட்டை உடைத்து, தகப்பனிடம் அடி வாங்கினான். கலியாண வயதில் தகப்பனிடம் அடி வாங்கியவன் எங்கள் ஊரில் அவன் ஒருவன்தான்.

பிறகு சண்டை இறுகியது. வெளிநாட்டுக்காரரைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். அதற்குச் சில கிழமை முன்னம் கவாஷிரிக்கு வீட்டிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டு வந்திருந்தது. நான் துண்டெழுதுகிற அறைக்கு வந்து அதை மேசையில் வைத்தார். படத்தில் இவாமிட்சு முழங்காலில் இருந்தார். கவாஷிரி தன் நொண்டி ஆங்கிலத்தில் தன் வலைக்குள் போன கோலைச் சொன்னார், ரயில் நிலையத்தைச் சொன்னார்.

“நல்ல பொடியன். விளையாட்டை விடப் போகிறானாம்” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். ஊரில் சனம் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு கோலுக்காக அழுகிற மனிசனைப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னவோ, எனக்கும் அழுகைதான் வந்தது.

3

போவதற்கு முதல் நாள் பின்னேரம் கவாஷிரி தொழிற்சாலை வானில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். வெளிநாட்டுக்காரர் இருக்கிற வானைச் சென்றியில் கிண்டிப் பார்ப்பதில்லை. ஒரு பெரிய கடதாசிப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து என்னிடம் தந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். கதிரையின் நுனியில் இருந்து குடித்தார்.

“பதினைந்து ஜேர்சி. எங்கள் கழகத்தின் சட்டை. எல்லாவற்றிலும் பதினேழாம் இலக்கம். நீங்கள் இதைப் போட்டு விளையாடுங்கள். ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அவனிடம் கொடுப்பேன். தூரத்தில் இப்படி ஒரு அணி இருக்கிறதென்று கண்டால் விடமாட்டான்” என்றார். தன் மனைவி கடையில் ஓடர் கொடுத்து, வேறொரு இஞ்சினியர் கையில் கொடுத்தனுப்பியதாம்.

அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தோம்.

மஞ்சள். பளிச்சென்ற மஞ்சளில் மேலிருந்து கீழே கறுப்பு வரி. நெஞ்சில் கழகத்தின் சின்னமாக ஒரு குளவி.

அம்மா எழும்பிப் போய் முன்கதவைச் சாத்தினார். பிறகு யன்னலைச் சாத்தினார். பிறகுதான் வாய் திறந்தார்.

“டேய், உது என்னடா நிறம்? ஆரும் கண்டாங்களெண்டால் குடும்பத்தோட அள்ளிக்கொண்டு போவாங்களடா!”

“அம்மா, இது குளவி. அவையின்ர ஊர்க் கழகத்தின்ர சின்னம்.”

“ஓமோம். சென்றியில நிண்டு அவங்களுக்கு இது புலியில்ல, குளவியெண்டு விளங்கப்படுத்து போ. வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விட்ட கதையாக் கிடக்கு.”

அந்த மனிசனுக்கு என்ன தெரியும்? இரண்டு வருடம் எங்களோடு இருந்தவர், எங்கள் ஊரில் ஒரு நிறம் ஆளைக் கொல்லும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அதெல்லாம் ஊரார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற விஷயமில்லை, பிறந்த உடனே தெரிகிற விஷயம். எழுதித் தெரிவிக்கவும் ஏலாது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிற காலம். ‘நீங்கள் தந்த சட்டை இன்ன நிறத்தில் இருக்கிறது’ என்று எந்த மடையன் எழுதுவான்?

குகனைக் கூப்பிட்டேன். பெட்டிக்குள் பார்த்ததும் அவனும் யன்னல் சாத்தியிருக்கிறதா என்றுதான் பார்த்தான். கடலில் போடலாமென்றால் கரை முழுக்கக் காவல். மண்ணுக்குள் தாட்டுவிடலாமென்றேன். குகன் ஒரு சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தான்.

“தாக்கத்தான் வேணும். ஆனா மச்சான், அந்தப் பொடியன் விடப்போறானாமெல்லே. ஒரு படம்தானே? எடுத்துப்போட்டுத் தாப்பம்.”

“உனக்கென்ன விசரே? உசிர் போற விளையாட்டு.”

“எங்கட உசிர் சும்மாவும்தான் போகுது. ஒருக்கால் ஒரு காரியத்துக்கு யூஸ் பண்ணுவம்.”

அம்மா அவனை ஏசினார். என்னை ஏசினார். ஜப்பான் நாட்டையே ஏசினார். கடைசியில் சட்டைகளைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்ததும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை குகன் மீன் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். அடியில் ஜேர்சி, மேலே ஐஸ், அதற்கு மேலே பாரை மீன். நான் பத்து யார் தூரம் விட்டுப் பின்னால் வந்தேன். இரண்டாவது சென்றியில் நின்ற ஆமிக்காரன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். மேலேயிருந்த மீனைப் புரட்டினான். அடுத்ததைப் புரட்டினான். கை ஐசுக்குள் இறங்கியது. குகன் சட்டென்று பெட்டிக்குள் கையை விட்டு, இருந்ததில் பெரிய பாரையைத் தூக்கி அவன் கையில் வைத்தான். சிங்களத்தில் என்னவோ சொன்னான். ஆமிக்காரன் சிரித்தான்.

“என்னடா சொன்னனி?” என்று பிறகு கேட்டேன்.

“அடியில கிடக்கிறது பழசு, பெரிசை எடுங்கோ எண்டனான்.”

டவுனில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர் செல்லத்துரை அண்ணர். கலர் ஃபிலிமைக் கழுவக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அது கூடாது. ஆனபடியால் தானே கழுவக்கூடிய பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிமைத் தேடி எடுத்தார். பதினொரு பேரும் ஒவ்வொருத்தராகப் பின்கதவால் வந்து சேர்ந்திருந்தோம்.

“தம்பியவை, ரெண்டே ரெண்டு நிமிசம். அதுக்கு மேல ஒரு செக்கன் நிண்டாலும் நான் கதவைத் திறந்துபோட்டு ஓடிடுவன். சொல்லிப்போட்டன்.”

பின்னால் நீர்வீழ்ச்சி கீறிய திரை. ஈரமும் மீன் நாற்றமுமாகச் சட்டைகளைப் போட்டோம். ஆறு பேர் நின்றோம், ஐந்து பேர் குந்தினோம். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றி இவாமிட்சு சொல்லும்போது, ‘அந்தக் கண்களில் இருந்த உறுதி’ என்பார். ஐயோ, அது உறுதியில்லை. பயம்.

4

படம் தொழிற்சாலைத் தபாலோடு கொழும்புக்குப் போய், அங்கிருந்து கவாஷிரியிடம் போய்ச் சேர்ந்தது.

அதே மீன் பெட்டியில் திரும்பி வந்த ஜேர்சியைத் தாட்டிருந்தால் பிரச்சினை முடிந்திருக்கும். குகனுக்கு மனம் வரவில்லை. பதினைந்து புதுச் சட்டை, எங்களுக்கோ ஒன்றுமில்லை. சாயம் போட்டால் என்ன என்றான். சந்தையில் நீலச் சாயப் பொட்டலம் வாங்கி வந்தான். அம்மா நெல் அவிக்கிற பெரிய பானையில் சட்டைகளை இரண்டு இரண்டாகப் போட்டு எடுத்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் என்ன நிறம் வருமென்று நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் மூன்று பேருக்கும் அந்த நேரம் அது தோன்றவேயில்லை. பானையிலிருந்து வந்தது நல்ல காட்டுப் பச்சை. அதில் கறுப்பு வரி.

அம்மா அகப்பைக் காம்பில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முந்திப் புலிக்கொடியாக் கிடந்தது. இப்ப யூனிஃபோமாப் போச்சு.”

பிறகு அவர் ஒருவரையும் கேட்கவில்லை. ஒரு கிழமை முழுக்கக் காலையில் சோற்றுப் பானைக்கு அடியில் இரண்டு மூன்றாக வைத்து எரித்தார். நைலோன் கலந்த துணி உருகி, கரும்புகை குசினியெல்லாம் சுற்றியது. கண் இரண்டும் சிவந்து வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நாற்றமென்று கேட்டால், எலி செத்துப் போச்சு என்றார். ஒரு கிழமையும் எலி செத்துக்கொண்டிருந்தது.

இரண்டு மாதத்தில் கவாஷிரியிடமிருந்து கடிதம். இவாமிட்சு விளையாட்டை விடவில்லை. படத்தைத் தன் அலுமாரிக் கதவில் உள்ளுக்கு ஒட்டி வைத்திருக்கிறாராம். ‘அந்தச் சட்டையில் இன்னும் விளையாடுகிறீர்களா?’ என்று கேட்டிருந்தார்.

எழுதினேன்: ஓம், ஒவ்வொரு ஞாயிறும்.

வேறென்ன எழுத? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் என்பார்கள். நான் ஒரு பொய் சொன்னேன், அது குட்டி போட்டுக்கொண்டே போனது. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வெற்றி எழுதினேன். எல்லோரும் சுகம் என்று எழுதினேன். உண்மையில் அந்தப் படத்தில் இருந்தவர்களில் ஒருவனைச் சுற்றிவளைப்பில் கொண்டு போனார்கள், இன்றுவரை தகவல் இல்லை. இரண்டு பேர் ஷெல்லில் போனார்கள். ஒருவன் தோப்பூர்ப் பக்கம் நெல் வாங்கப் போய் வழியில் செத்தான். எல்லோரும் சுகம் என்ற இரண்டு சொல்லை எழுத எனக்கு அரை நாள் எடுக்கும்.

அந்தக் கடிதங்களால்தான் நான் இங்கே வந்தேன். தன் ஊருக்குத் திரும்பி ஒரு சிறிய பட்டறை தொடங்கிய கவாஷிரி, வேலை பழக என்னைக் கூப்பிட்டார். அவரும் மனைவியும் விமான நிலையத்துக்கே வந்து நின்றார்கள். குடிவரவு அலுவலகத்தில், சட்டத்தை மதித்து நடப்பீர்களா என்று கேட்ட உத்தியோகத்தருக்கு நான் நம்மூர் மாதிரித் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவர் பேனையை வைத்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிடப் போய்விட்டார். கவாஷிரியின் மனைவிதான், கவாஷிரி அம்மா என்றுதான் நான் சொல்வது, ஓடிப் போய், அந்த ஆட்டத்துக்கு ஓம் என்றுதான் அர்த்தம் என்று விளங்கப்படுத்தினார். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தபோது, பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்து என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறையும் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டவர் அந்த அம்மாதான்.

கவாஷிரி காலமாகிவிட்டார். எண்பதை எட்டுகிற அந்த அம்மா, கணவரின் படத்துக்குப் பக்கத்தில் எங்கள் பதினொரு பேரின் படத்தையும் வைத்து, காலையில் இரண்டுக்கும் தேநீர் வைக்கிறார். நான் இப்போது நகர மைதானத்தில் புல்லு வெட்டுகிறவன். இவாமிட்சு வரும்போதெல்லாம் என் தோளில் தட்டி, “உங்கள் அணியால்தான்” என்பார். நான் தலையை ஆட்டுவேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

இத்தனையையும் ஐந்து நிமிடத்தில் உடைப்பதா? அந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? உடைக்காவிட்டால் இன்னொரு முறை, இந்த முறை ஊர் முழுக்கக் கேட்க, பொய் சொல்ல வேண்டும்.

5

பேச்சை எழுதித் தருவது அபியின் பொறுப்பு. என்னுடைய ஜப்பானிய மொழி புல்லுக்குப் போதும், மேடைக்குப் போதாது. சாப்பாட்டு மேசையில் பேனையோடு இருந்தாள்.

“ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நல்லதாக ஒன்றைச் சொல்லுங்கள். யார் கோல் போட்டது?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பிசைந்துகொண்டே இருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். நிறம், மீன் பெட்டி, சாயப் பானை, அடுப்பு, இல்லாமல் போன நாலு பேர், எல்லாம். மனைவிக்குப் பாதி தெரியும். அபிக்கு ஒன்றும் தெரியாது.

“அப்பா, நீங்க பொய் சொன்னீங்களா? இவ்வளவு நாளும்?” தமிழ். நல்ல உரத்த தமிழ். “நான் பள்ளிக்கூடத்தில அதை எழுதினனான்! எல்லாருக்கும் முன்னால வாசிச்சனான்!”

“பிள்ளை, அந்த நேரத்தில வேற வழி இல்ல.”

“அந்த நேரத்தில இல்ல. பிறகு? இங்க வந்த பிறகு?”

பிறகு சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான். எழும்பிப் போனவள் கதவைச் சாத்தினாள். அரை மணித்தியாலம் கழித்து வந்து, திரும்பவும் ஜப்பானிய மொழியில், தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“இவாமிட்சு ஒரு கோலுக்காகப் பனியில் நின்றார். அவரிடம் உண்மையைச் சொல்வதற்கா நீங்கள் பயப்படுகிறீர்கள்?”

எழுதியதைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள்.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கவாஷிரி அம்மா, நல்ல கிமோனோ உடுத்தி, மடியில் எங்கள் படத்தோடு. பக்கத்தில் ஐம்பது வயது இவாமிட்சு, இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறார். நான் கடதாசியைப் பார்த்து வாசித்தேன். நாங்கள் இந்தச் சட்டையைப் போட்டு ஒரு நாளும் விளையாடவில்லை என்பதுதான் முதல் வசனம். அபி அதைத்தான் முதலில் வைத்திருந்தாள். பிறகு அந்த நிறத்தை எங்கள் ஊரில் ஏன் போட ஏலாது என்று வாசித்தேன். படத்துக்காகப் போட்டது இரண்டு நிமிடம் என்று வாசித்தேன். இல்லாமல் போன நாலு பேரின் பெயரை வாசித்தேன். அவர்கள் சுகமாக இருப்பதாக நான் எழுதியது பொய் என்று வாசித்தேன். வாசித்து முடித்துக் குனிந்தேன்.

முன்வரிசையில் கதிரை அரைபட்ட சத்தம் கேட்டது. கவாஷிரி அம்மா எழும்பி, ஒருவரின் கையையும் பிடிக்காமல், மெல்ல மெல்ல மேடைக்கு ஏறி வந்தார். எனக்கு முன்னால் நின்று இடுப்பு வளையக் குனிந்தார்.

“அப்படிப்பட்ட ஒரு பொருளை உங்கள் அம்மாவின் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டோமே. கடையில் ஓடர் கொடுத்தது நான். ஒன்றும் தெரியாமல் செய்த பிழை. எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள்.”

மன்னிப்புக் கேட்க வந்தவன் நான். நான் இன்னும் தாழக் குனிந்தேன். அவர் அதைவிடத் தாழக் குனிந்தார். இந்த நாட்டில் மற்றவர் நிமிர முன்னம் நிமிருவது மரியாதையில்லை. இரண்டு பேரும் நிமிரவில்லை. எனக்கு முதுகு பிளந்தது. கடைசியில் இவாமிட்சு வந்து இரண்டு பேருடைய தோளையும் பிடித்து நிமிர்த்தினார். எங்கோ ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு மண்டபமே சிரித்தது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

இவாமிட்சு ஒலிவாங்கியை எடுத்தார்.

“இரண்டு நிமிடமா?”

“ஓம். இரண்டு நிமிடம்.”

“பிடிபட்டிருந்தால்?”

நாலு பெயரும் இருந்த கடதாசியை அவரிடம் நீட்டினேன். அவருக்கு விளங்கியது. அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

“நான் பதினெட்டு வருடம் அதே நிறத்தைப் போட்டேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் கைதட்டல்” என்றார். பிறகு வேறு குரலில், வேலை ஒன்றைத் தொடங்குகிறவர் மாதிரிச் சொன்னார். “அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இன்னும் நடக்கவில்லை. நான் வருகிறேன். அங்கே போய் விளையாடுவோம்.”

6

மேடைப் பேச்சென்றுதான் நினைத்தேன். மனிசன் மறுநாள் காலை புல்லு வெட்டுகிற இடத்துக்கே வந்துவிட்டார். உங்கள் கப்டனுக்குப் போன் அடியுங்கள் என்றார். அபியும் கூட நின்றாள். குகன் இப்போதும் உப்புவெளியில்தான், படகு வைத்திருக்கிறான், பின்னேரத்தில் பிள்ளைகளுக்குப் பந்தடி பழக்குகிறான்.

நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு அவன் கத்தினான். “இவ்வளவு காலமும் சொல்லாமலே இருந்தனி? விசரா! நான் அங்க எல்லாருக்கும் தெரியுமெண்டெல்லோ நினைச்சனான்!”

“வாறாராம் மச்சான். விளையாட வேணுமாம்.”

“வரச் சொல்லு.” வாய்க்குள் ஆட்களை எண்ணுவது கேட்டது. “பதினொண்டுக்கு ஆள் காணாதடா. இங்க நாலு பேர்தான் நிக்கிறம், ரெண்டு பேர் வெளிநாடு. ஒருத்தனுக்கு முழங்கால் ஏலாது. பரவாயில்ல, மிச்சத்துக்குப் பிள்ளையளைப் போடுவம். உன்ர மகளையும் கூட்டிக்கொண்டு வா. ஆனா மச்சான், ஒரு விஷயம்.”

“என்ன?”

“அந்த நிறம் இன்னும் ஏலாது. குளவியெண்டாலும் ஏலாது. குறை நினைக்கவேண்டாமெண்டு சொல்லு.”

பதினெட்டு வருடம் ஒரே சட்டையைப் போட்ட மனிசனிடம் எப்படிச் சொல்வது? அபி சொன்னாள். இவாமிட்சு கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தலையசைத்தார்.

“சரி. அங்கே எந்த நிறத்தைக் கண்டால் ஒருவருக்கும் பயமில்லை என்று கேளுங்கள். அந்த நிறத்தில் நானே தைத்துக் கொண்டு வருகிறேன்.”

கேட்டேன். குகன் பெருமூச்சு விட்டான்.

“பச்சை ஏலாது, ஆமி. நீலம் எண்டால் நேவி. சிவப்பு, காவி ரெண்டையும் கொண்டு வராத, தேர்தல் வருது. வெள்ளை எண்டால் எங்கட வயசுக்காரருக்கு ஆளைக் கடத்தின வான் ஞாபகம் வரும். கறுப்பு துக்கம். பொறு, பிள்ளையளிட்டக் கேட்டுச் சொல்லுறன்.”

இரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகளுக்குள் பெரிய சண்டையாம். மூன்றாம் நாள் மத்தியானம் குகன் தானே எடுத்தான். பின்னால் கடலும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டது.

“முடிவாகிட்டுது மச்சான். கத்தரிப்பூ நிறத்தில கொண்டு வரச் சொல்லு. அந்த நிறத்தைப் போட்டுக்கொண்டு இங்க ஒருத்தரும் ஒருத்தரையும் இன்னும் ஒண்டும் செய்யேல்ல.”